இல்லம் தேடி வந்த இசை

எங்கள் வீட்டில் மாடிப்படியின் அடியில் சிறிய அலமாரி ஒன்று உண்டு. என் தந்தையார் காலத்தில் அதனுள் கிராமபோன் பெட்டியும், உறையிட்ட இசைத்தட்டுகளும் இருந்தன. இன்று அங்கே சீட்டுக்கட்டின் அளவுள்ள ஒரு கணிப்பொறியும், கையடக்கமான ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒலிபெருக்கி கிடையாது. எனினும் விளக்கு வைக்கும் வேளையில் முன்கூடத்தில் நாதசுரம் ஒலிக்கின்றது. சமையலறையில் பழைய திரைப்பாட்டு ஒன்று கேட்கின்றது. மாடியறையில் என் பேரன் தனக்குப் பிடித்த பாட்டில் ஆழ்ந்திருக்கின்றான். மூன்றும் அந்த அலமாரியிலிருந்தே புறப்படுகின்றன. ஒன்று மற்றொன்றோடு கலப்பதுமில்லை. ஒன்றற்காக மற்றொன்று காத்திருப்பதுமில்லை.

"இஃது எவ்வாறு நடைபெறுகின்றது?" என்று பேரனை வினவினேன். "ஸ்ட்ரீமிங், தாத்தா" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டான். பெயரைச் சொல்லிவிட்டால் பொருளை விளக்கியதாகும் என்று எண்ணுவது இளைஞர் இயல்பு. முதியோரிடத்தும் அக்குறை உண்டு. நான் வரலாறு கற்பித்து வாழ்ந்தவன். எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் முன்னோர் யாவர் என்று கேட்பது எனக்குப் பழகிப்போன வழக்கம். ஆகவே அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். தேடியதில் தெரிந்தது இது: இசையைக் கம்பியின் வழியே இல்லத்துக்குக் கொண்டுவரும் முயற்சி, வானொலி ஒலிபரப்புத் தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த நெடிய வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1881-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்று ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. கிளெமான் ஆதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், பாரிஸ் ஆப்பெரா அரங்கு மேடையின் முன்விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்தார். அவற்றிலிருந்து கம்பிகளை இழுத்துப் பொருட்காட்சி மண்டபத்தின் அறைகளிலிருந்த கேட்குங் குழல்களோடு இணைத்தார். கேட்போர் இரு குழல்களை எடுத்து இரு காதுகளிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மேடையின் ஒருபக்கத்து ஒலி ஒரு காதுக்கும், மறுபக்கத்து ஒலி மற்றொரு காதுக்கும் சென்றது. அதனால் பாடுகின்றவர் மேடையில் இங்கிருந்து அங்கு நடந்து செல்வதும் செவிக்குப் புலனாயிற்று. இன்று நாம் ஸ்டீரியோ என்று வழங்கும் முறையின் முதற் காட்சி அதுவே. பெரும்புலவர் விக்டர் ஹியூகோ அவ்வாண்டிலேயே அக்குழல்களைக் காதில் வைத்துக் கேட்டு மகிழ்ந்தார்.

காட்சிப் பொருளாகத் தொடங்கியது விரைவில் வாணிகமாயிற்று. 1890-ஆம் ஆண்டில் 'தியாத்ரோபோன்' என்ற பெயரில் பாரிஸில் ஒரு நிறுவனம் எழுந்தது. உணவு விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் காசு போடும் பெட்டிகளை அது அமைத்தது. 50 சாந்தீம் நாணயத்தை இட்டால் ஐந்து நிமிடம் இசை கேட்கலாம். வசதியுள்ளோர் சந்தா கட்டி வீட்டிலிருந்தே கேட்டனர். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் நோயாளி. வெளியே செல்வது அவருக்குத் துன்பம். அவர் 1911-ஆம் ஆண்டில் சந்தாதாரராகித் தம் அறையிலிருந்தபடியே வாக்னர், தெபுசி ஆகியோரின் இசைநாடகங்களைக் கேட்டார். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் 1893-ஆம் ஆண்டில் திவாதர் புஷ்காஷ் என்பார் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு செய்தித்தாளையே நடத்தத் தொடங்கினார். பகலிற் செய்தி, மாலையில் இசை என்று அட்டவணை வகுத்து அது நடைபெற்றது. இலண்டனிலும் 1895-ஆம் ஆண்டு முதல் இத்தகைய அமைப்பு ஒன்று இயங்கியது.

இவை அனைத்தினும் வியப்புக்குரியது அமெரிக்கர் தாடியஸ் கேஹில் கண்ட 'டெல்ஹார்மோனியம்'. அவர் 1897-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் மின்னாக்கிகளைக் கொண்டே சுரங்களைப் பிறப்பித்து, அவற்றைத் தொலைபேசிக் கம்பியில் ஊர் முழுவதும் அனுப்புவது அவர் திட்டம். ஒலியைப் பெருக்கும் வால்வுகள் அப்போது வழக்கிற்கு வரவில்லை. ஆதலால் தொலைவிலுள்ள குழல்களும் ஒலிக்குமாறு, தொடக்கத்திலேயே பேரளவு மின்சாரத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அதன் பயனாக அந்த இசைக்கருவி ஏறத்தாழ 200 டன் எடையுள்ளதாயிற்று! 1906-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அதற்கென ஒரு மண்டபமே அமைந்தது. ஆனால் அதன் வலிய மின்னோட்டம் பக்கத்துத் தொலைபேசிக் கம்பிகளிலும் புகுந்தது. உரையாடுவோர் பேச்சுக்கிடையே அழையாத விருந்தாளியாய் இசை நுழைந்தது. நகரத்தார் வெறுத்தனர். சில ஆண்டுகளில் முயற்சி நொடித்துப் போயிற்று.

இம்முயற்சிகளின் முடிவை ஊன்றி நோக்குங்கள். இலண்டன் அமைப்பு 1925-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தியாத்ரோபோன் 1932-ஆம் ஆண்டில் ஓய்ந்தது. டெல்ஹார்மோனியம் எவ்வாறு ஒலித்தது என்பதை அறிய இன்று ஒரே ஒரு பதிவேனும் இல்லை. 200 டன் இரும்பு ஒரு நொடி ஒலியைக்கூட விட்டுச் செல்லவில்லை. காரணம் யாது? அவ்வமைப்புகளில் இல்லத்துக்கு வந்தது கேட்குங் குழல் மட்டுமே. இசை வாழ்ந்த இடம் வேறு. கம்பியை அறுத்த அன்றே வீட்டிலிருந்த இசையும் அற்றது. அது கால்வாயில் ஓடிவரும் நீரைப் போன்றது. மேலே மதகை அடைத்தால் கீழே வயல் காயும்.

கிராமபோன் கொணர்ந்தது வேறு வழி. அது வீட்டுக்குள் வெட்டிய கிணறு. இசைத்தட்டை விலைக்கு வாங்கியவன், விற்ற நிறுவனம் மறைந்த பிறகும் அதைக் கேட்கலாம். ஆயினும் கிணற்றுக்கும் இரண்டு குறைகள் இருந்தன. தட்டு எந்த அறையில் உள்ளதோ அந்த அறையில் மட்டுமே பாட்டு ஒலித்தது. மேலும் ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டைச் சிறிது தேய்த்தது. நாம் விரும்பிக் கேட்ட பாட்டே விரைவில் கெட்டது. ஓடும் வாய்க்காலின் வசதியும், சொந்தக் கிணற்றின் உறுதியும் ஒருங்கே கிடைக்குமா? இதுவே அந்நாளைய வினா. அதற்கு விடை காண ஒலியின் உருவமே மாற வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்தை எண்ணியவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடமும் பாரிஸிலேயே இருந்தது. தொலைபேசிக் குரல் நெடுந்தூரம் செல்லும்போது மெலியும். அதனை இடையிடையே பெருக்கினால் கம்பியில் ஏறிய இரைச்சலும் உடன் பெருகும். 1937-ஆம் ஆண்டில் ரீவ்ஸுக்கு ஒரு வழி தோன்றியது. ஒலி அலையையே அனுப்புவானேன்? அதன் உயரத்தை ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாக எழுதி, எண்களை மட்டும் அனுப்பினால் என்ன? அவ்வெண்களையும் 'துடிப்பு உண்டு', 'துடிப்பு இல்லை' என்னும் இரண்டே குறிகளால் எழுதலாம். வழியில் எவ்வளவு இரைச்சல் கலந்தாலும், உண்டா இல்லையா என்று பிரித்தறிய முடிந்தால் போதும். எண்கள் பழுதின்றி மீளும். மறுமுனையில் அவற்றைக் கொண்டு அலையை மறுபடியும் வரைந்துகொள்ளலாம்.

இதன் அருமையை ஏட்டுச்சுவடியை நினைத்தால் உணரலாம். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதும்போது பிழை புகும். அதைப் பார்த்து எழுதும் மூன்றாம் ஏட்டில் பிழை மிகும். ஒலிநாடாவும் அவ்வாறே, படிக்குப் படி இரைச்சல் ஏறும். எண்ணாக மாறிய இசைக்கு இந்தச் சாபம் இல்லை. ஆயிரமாவது படியும் முதற்படியும் ஒன்றே. படியெடுத்தால் மங்காத இசை மனித வரலாற்றில் அப்போதுதான் இயல்வதாயிற்று. ரீவ்ஸ் 1938-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அதனைச் செயற்படுத்த அந்நாளில் எண்ணற்ற வால்வுகள் வேண்டியிருந்தன. 1947-ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் பிறந்த பின்னரே வழி பிறந்தது. அமெரிக்கத் தொலைபேசித் தொடர்களில் இம்முறை 1962-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. இல்லங்களுக்கு அது 1982-ஆம் ஆண்டில் குறுந்தகடாக வந்து சேர்ந்தது.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். குறுந்தகட்டில் ஒலி ஒரு நொடியில் 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்படுகின்றது. இரு காதுகளுக்கும் தனித்தனியே அளவுகள் வேண்டும். ஆகவே ஒரு நொடி இசைக்கு 14,11,200 பிட்டுகள். நான்கு நிமிடப் பாட்டொன்று 4 கோடி 23 இலட்சம் பைட்டு இடம் கொள்ளும். 1990-களின் நடுவில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட்டுகள் செல்வதே நல்ல வேகம். அவ்வேகத்தில் அந்த நான்கு நிமிடப் பாட்டு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிணறு பெரிது, வாய்க்காலோ நூலிழை.

இச்சிக்கலை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தார் முன்கூட்டியே கருதியிருந்தனர். டீட்டர் சைட்சர் என்னும் பேராசிரியர், தொலைபேசிக் கம்பி வழியே நல்ல இசையை அனுப்ப வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார். காப்புரிமை அலுவலர் அஃது இயலாத செயல் என்று மறுத்துவிட்டார். பேராசிரியர் மனந்தளராமல் தம் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கிடம் அவ்வாராய்ச்சியை ஒப்படைத்தார். மாணவர் நாடியது மனிதச் செவியின் இயல்பை. உரத்த ஒலி எழும்போது அதனை அடுத்த சுருதியிலுள்ள மெல்லொலி நம் காதில் விழுவதில்லை. தவில் முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பது கேளாததுபோல என்று கொள்ளலாம். கேளாத ஒலியை எண்ணில் எழுதுவது வீண். அதை விடுத்தாலோ, அங்கே குறைந்த நுட்பத்தில் எழுதினாலோ, எண்களின் தொகை பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இம்முறையைச் சோதிக்க அவருக்கு உதவிய பாட்டு, சூசன் வேகா என்னும் பாடகியார் பக்கவாத்தியம் எதுவுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்'. பெரிய வாத்தியக் குழுவின் இசையில் மறையும் பிழைகள், தனித்த பெண்குரலில் வெளிப்பட்டுவிட்டன. அக்குரல் செம்மையாக ஒலிக்கும்வரை அவர் தம் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். பல ஆய்வுக்கூடங்களின் உழைப்பும் சேர்ந்து உருவான அம்முறை, 1993-ஆம் ஆண்டில் உலகப் பொதுநியமத்தின் ஒரு பகுதியாக வெளியாயிற்று. 1995-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அதன் கோப்புகளுக்கு 'எம்பி3' என்ற பெயர் முடிவாயிற்று. நம் நான்கு நிமிடப் பாட்டு, வழக்கமான அளவில், ஏறத்தாழ 38 இலட்சம் பைட்டில் அடங்கியது. எனினும் விட்ட ஒலி விட்டதுதான், திரும்ப வாராது. ஆதலால் ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் முறையையும் சிலர் தேடினர். ஜாஷ் கோல்சன் என்பார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபிளாக்' அத்தகையது. அதன் சுருக்கம் குறைவு. ஆனால் விரித்தால் மூலத்தின் ஒரு பிட்டும் குறையாது. அதனை அவர் எல்லோருக்கும் உரிமையாக்கிவிட்டார்.

கிணறு ஆயிற்று. வீட்டுக்குள் வாய்க்கால் வெட்டியவர் யார்? 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவர் ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள் உரையாடும் வகை கண்டனர். ஹவாய்த் தீவுகளில் கணிப்பொறிகளை வானொலி அலையால் இணைத்த ஒரு முந்திய அமைப்பு அவர்களுக்கு வழிகாட்டிற்று. அவர்கள் வகுத்த ஒழுங்கு நற்சபையின் ஒழுங்கே. பேசுமுன் பிறர் பேசுகின்றாரா என்று கேள்; யாரும் பேசாவிடில் பேசு; இருவர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்துங்கள்; சிறிது நேரம், வெவ்வேறு அளவு, காத்திருந்து மறுபடியும் முயலுங்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஈதர்நெட்'. முதல் அமைப்பின் வேகம் நொடிக்கு 29 இலட்சம் பிட்டுகளுக்கு மேல். குறுந்தகட்டுக்கு ஒன்பது ஆண்டுகள் மூத்த அந்தக் கம்பியிலேயே, ஏட்டுக் கணக்கின்படி, இரண்டு குறுந்தகட்டு இசைகள் ஒருங்கே ஓடியிருக்கலாம்! 1997-ஆம் ஆண்டில் கம்பியில்லா வலையமைப்புக்கும் நியமம் பிறந்தது. அதுவே இன்று வைஃபை என்று வீடுதோறும் விளங்குகின்றது.

இந்த வாய்க்காலில் இசை இடைவிடாத ஓட்டமாகச் செல்வதில்லை. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும், இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்ட முறைப்படி, செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் சேர வேண்டிய இடம் எழுதப்பட்டிருக்கும். ஈதர்நெட்டில் ஒரு பொதி 1,500 பைட்டுச் சுமக்கலாம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி இசைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொதிகள் வேண்டும். முன்கூடத்துக்குரிய பொதியும் மாடிக்குரிய பொதியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியிற் போகின்றன. மூன்று பாட்டுகள் கலவாமல் ஒலிப்பதன் காரணம் இதுவே.

பொதிகள் சில வேளை விரைந்து வரும், சில வேளை தயங்கி வரும், தவறியும் போகும். ஆயினும் பாட்டு ஏன் தடுமாறுவதில்லை? நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தெருக்குழாயில் நீர் விட்டு விட்டு வருகின்றது. தொட்டி நிறைந்திருப்பதால் நம் குழாயில் சீராகக் கொட்டுகின்றது. அவ்வாறே இசைக்கும் கருவி முதலிற் சில நொடிகளுக்கு வேண்டிய எண்களைத் தன் நினைவகத்தில் நிரப்பிக்கொண்டு, பிறகே பாடத் தொடங்குகின்றது. பொத்தானை அழுத்தியதும் ஏற்படும் அந்தச் சிறு அமைதி, தொட்டி நிறைகின்ற நேரம். முழுக் கோப்பும் வந்து சேரும்வரை காத்திராமல், வரவர இசைத்துச் செல்வதால் அதற்கு 'ஓட்டம்' என்னும் பொருளில் ஸ்ட்ரீமிங் என்ற பெயர் அமைந்தது.

இரண்டு அறைகளில் ஒரே பாட்டை ஒலிக்கச் செய்வதில் வேறொரு தொல்லை உண்டு. ஓர் அறையின் ஒலி மற்றதைவிட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தினாலும் கிணற்றுக்குள் கத்தியதுபோல் எதிரொலிக்கும். ஆதலால் கருவிகள் யாவும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். 'எண்களை இப்போது இசை' என்று சொல்லாமல், 'இந்த எண்ணை இந்த நொடியின் இந்தக் கூறில் இசை' என்று கட்டளையிட்டு இத்தொல்லையைப் பொறியியலாளர் தீர்த்தனர். 2005-ஆம் ஆண்டில் தன் முதற் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்த சோனோஸ் நிறுவனம் இதனாலேயே பெயர் பெற்றது.

கோப்பு ஆயத்தம், வாய்க்கால் ஆயத்தம். இரண்டையும் இணைத்த ஒரு சிறு பெட்டியின் கதைதான் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் என்பவர் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம், 'ஸ்லிம்பி3' என்ற பெட்டியை வெளியிட்டது. அதில் ஹார்டு டிஸ்க் இல்லை. பாட்டின் பெயர் காட்டும் ஒளிப்பட்டை ஒன்றும், வலையமைப்புக் கம்பி செருகும் துளையும், ஒலிபெருக்கிக்குச் செல்லும் இணைப்பும் மட்டுமே இருந்தன. பாட்டுகள் வீட்டில் எங்கோ ஒரு மூலையிலுள்ள கணிப்பொறியில் இருக்கும். அங்குள்ள ஒரு நிரல் அவற்றைத் தேடி எடுத்து அனுப்பும். பெட்டி வாங்கி இசைக்கும். 2003-ஆம் ஆண்டில் அதன் வழிவந்த 'ஸ்குவீஸ்பாக்ஸ்' கம்பியில்லாமலும் இயங்கிற்று.

அந்நிறுவனத்தார் ஒன்று செய்தனர். பாட்டுகளை அனுப்பும் நிரலின் மூலக்குறிப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், வழங்கலாம் என்று திறந்து வைத்தனர். பல நாட்டு ஆர்வலர் அதில் கைவைத்துச் செப்பனிட்டனர். 2006-ஆம் ஆண்டில் லாஜிடெக் என்னும் பெருநிறுவனம் அச்சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. 2012-ஆம் ஆண்டில் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையைக் கைவிட்டது. 2024-ஆம் ஆண்டில் அவற்றுக்கென நடத்திவந்த இணையச் சேவையையும் நிறுத்திவிட்டது. தியாத்ரோபோனின் கதையே மறுபடியும் நடந்தது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நடக்கவில்லை. நிரல் பொதுவுடைமையாக இருந்ததால் ஆர்வலர் அதனை 'லைரியன்' என்னும் புதுப்பெயருடன் தொடர்ந்து பேணினர். பழைய பெட்டிகள் இன்றும் தம் வீட்டுப் பாட்டுகளை இசைக்கின்றன. பெட்டி இல்லாதவர்கள் சிறு கணிப்பொறி ஒன்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்கின்றனர். ஃபிளாக் முறையும் 2024-ஆம் ஆண்டில் இணையத்தின் பொதுநியம வரிசையில் இடம்பெற்றது. நிறுவனம் நீங்கிற்று, ஒழுங்கு நின்றது.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனம் தன் இசைக் கடையை மூடியது. அங்கு வாங்கிய பாட்டுகளுக்குப் பூட்டு உண்டு. அப்பூட்டின் சாவி நிறுவனத்திடமே இருந்தது. காசு கொடுத்தவர்கள் தாம் வாங்கியது பாட்டை அன்று, கேட்கும் அனுமதியை மட்டுமே என்பதை அன்றுதான் உணர்ந்தனர். 2003-ஆம் ஆண்டில் தோன்றிய மைஸ்பேஸ் தளத்தில் எத்தனையோ இளம் பாடகர்கள் தம் பாட்டுகளை ஏற்றி வைத்திருந்தனர். கோப்புகளை இடம் மாற்றும்போது அவற்றுட் பெரும்பகுதி அழிந்துபோனதென 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வேறிடத்தில் படி வைத்திராத பலருக்கு அப்பாட்டுகள் மீளவில்லை. இன்று மாதச் சந்தா கட்டிக் கேட்கும் இசைச் சேவைகள் கோடிக்கணக்கான பாட்டுகளை நம்முன் கொணர்கின்றன. அவற்றை நானும் கேட்கின்றேன். பழித்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால் அது கால்வாய் நீர் என்பதை மறத்தலாகாது.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. 1979-ஆம் ஆண்டில் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவந்தார். அப்போது என் மகள் தொட்டிற் குழந்தை. என் அன்னையார் தொட்டிலை ஆட்டியபடி பாடிய தாலாட்டை, அவர் அறியாமல், அக்கருவியில் பதிந்தோம். பாட்டுக்கிடையே தொட்டிற் கயிற்றின் கிறீச்சொலியும், தெருவில் தயிர்க்காரி கூவும் குரலும் கேட்கும். அன்னையார் மறைந்த பின் அந்த ஒலிநாடா எங்களுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. என் தங்கை மகன் அதனைக் கணிப்பொறிக் கோப்பாக மாற்றி, இணையத்தில் கோப்புகளைக் காத்துவைக்கும் ஒரு சேவையில் ஏற்றித் தந்தான். இனி அழிவில்லை என்று நிம்மதியடைந்தேன். ஒலிநாடாவை அலட்சியமாக அலமாரியில் போட்டேன். மழைக்காலத்தில் அது பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் அந்தச் சேவையும் மூடப்பட்டது. முன்னறிவிப்புக் கடிதம், நான் பார்ப்பதை விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு வந்திருக்கின்றது. குற்றம் என்னுடையதே. அன்னையார் இருமுறை மறைந்ததுபோல் இருந்தது எனக்கு.

மூன்றாண்டுகளுக்கு முன் என் பேரன், மாடிப்படி அலமாரியில் வீட்டு இசைத் தொகுப்பை அமைக்க முற்பட்டபோது, உறவினர் வீடுகளிலிருந்த பழைய டிஸ்க்குகளையெல்லாம் கேட்டு வாங்கினான். தங்கை மகன் பரணில் எறிந்திருந்த ஒன்றில், 'டிராக் 01' என்ற பெயருடன் ஒரு கோப்புக் கிடந்தது. ஏதோ வெற்றுப் பதிவு என்று அழிக்கப் போனவன், ஒருமுறை ஒலிக்கவிட்டான். முன்கூடத்தில் அமர்ந்திருந்த என் காதில் தொட்டிற் கயிற்றின் ஓசை விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கோப்பு பிழைத்தது எதனால்? எந்தக் கருவியும் படிக்கக்கூடிய பொதுமுறையில் அஃது எழுதப்பட்டிருந்தது, பூட்டு இல்லை, தற்செயலாக மற்றோர் இடத்தில் ஒரு படி இருந்தது. அஃது அழிய இருந்தது எதனால்? அதற்குப் பெயர் இல்லை. எம்பி3 கோப்பின் இறுதியில் பெயர்க்குறிப்பு எழுத 128 பைட்டு இடத்தை 1996-ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் வகுத்தார். பாட்டின் பெயருக்கு 30 பைட்டு. யூனிக்கோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்று பெரும்பாலும் 3 பைட்டுக் கொள்வதால், அவ்விடத்தில் பத்துக் குறியீடுகளே அடங்கும். 1998-ஆம் ஆண்டில் வந்த புதிய முறையில் அந்த நெருக்கடி நீங்கியது. இடம் இருந்தும் நாங்கள் எழுதவில்லை.

மாணவர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய குரல்கள் இருக்கும். பாட்டனாரின் பேச்சு, பாட்டியாரின் பாட்டு, ஊர்த் திருவிழா மேளம் ஆகியவை யாருடைய விற்பனைப் பட்டியலிலும் இடம்பெறாதவை. எந்தப் பெருநிறுவனமும் அவற்றை உங்களுக்காகக் காத்து நிற்காது. பொதுமுறையில் பதிந்து வையுங்கள். ஒரு படியை வீட்டிலும் ஒரு படியை வேறூரிலும் வையுங்கள்; ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும் பொருளே. பாடியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். படியெடுத்தால் மங்காத இசையை அறிஞர் நமக்குத் தேடித் தந்துவிட்டனர். படியெடுக்கும் வேலை நம்முடையது.

இப்போது அந்தக் கோப்புக்கு என் பேரன் பெயர் எழுதியிருக்கின்றான்: 'கொள்ளுப்பாட்டி, தாலாட்டு, 1979'. சில மாலைகளில் அது முன்கூடத்திலும் சமையலறையிலும் ஒரே நொடியில் ஒலிக்கின்றது. அன்று தொட்டிலில் உறங்கிய என் மகள், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று கேட்கின்றாள்.